மாடிப்படிப் பெட்டி

மகளுக்கு ஆபீஸிலிருந்து போன் வந்தபோது பட்டறைக்காரர் வாசல் கேட்டின் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கீல் ஒன்றும் கத்தவில்லை. ஆனாலும் விட்டுக்கொண்டிருந்தார். வெல்டிங் பட்டறையை மூடிவிட்டு வீட்டோடு உட்கார்ந்த நாளிலிருந்து கை சும்மா இருந்தால் அவருக்கு உடம்பெல்லாம் அரிக்கும். காலையிலிருந்து காற்று சுழற்றிச் சுழற்றி அடித்தது. மழை இதோ வருகிறது என்று மிரட்டுவதும், தெருக் குப்பையை ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு மாற்றிவிட்டுப் போவதுமாக இருந்தது.

முன்னறை ஜன்னல் வழியாக மகளின் மேசை தெரியும். காதில் பெரிய கருவி ஒன்றை மாட்டிக்கொண்டு சாயங்காலம்வரை தட்டிக்கொண்டே இருப்பாள். டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பதிந்து வைப்பதை இவள் காதில் வாங்கி, எழுத்தாக்கி, ஆஸ்பத்திரிக்கே திருப்பி அனுப்ப வேண்டும். டாக்டர்களில் பாதிப் பேர் எதையோ மென்றுகொண்டேதான் பேசுகிறார்கள் என்பது அவளுடைய நெடுநாள் புகார்.

தட்டுகிற சத்தம் நின்றது. நின்றது மறுபடி தொடங்கவில்லை. பட்டறைக்காரர் எண்ணெய்க் குப்பியை வைத்துவிட்டு உள்ளே போனார்.

"என்னம்மா? முகம் ஏன் இப்படி இருக்கு?"

"ஆபீஸ்ல இருந்துப்பா. நம்ம வீட்டு இணைப்புல இருந்து யாரோ அவங்க கம்ப்யூட்டருக்குள்ள பூந்து பார்க்கிறாங்களாம். பாஸ்வேர்டு தப்புத் தப்பாப் போட்டுப் போட்டு, ஓயாம."

"நீ தப்பாப் போட்டிருப்ப."

"நான் தூங்கும்போதும் போடறேனாப்பா? நோயாளிங்க விவரம் எல்லாம் இருக்கிற இடம். நிறுத்தலைன்னா வீட்டுல இருந்து வேலை கிடையாது, ஆபீஸுக்கே வந்து உட்காருன்னு சொல்லிட்டாங்க."

அந்த ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று பட்டறைக்காரருக்குத் தெரியும். ரயிலேறிப் போக வேண்டிய ஊர். தினமும் போய்வருகிற தூரமில்லை.

"அப்படின்னா?" என்றார்.

"அப்படின்னா அந்தப் பக்கமே வீடு பார்த்துப் போக வேண்டியதுதான். வேற என்ன பண்றது?"

அவர் வெளியே வந்து கேட்டைத் திறந்து மூடிப் பார்த்தார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு ஒரு வருஷம் இந்த வீட்டில் தனியாகக் கிடந்தார். அடுப்பு பற்ற வைக்கக்கூட மனசு வராமல் ரொட்டியை டீயில் நனைத்துத் தின்றே காலம் தள்ளினார். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் மகளும் மாப்பிள்ளையும் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு வந்தார்கள். அவர்கள் போய்விட்டால் மறுபடி அதே ரொட்டி, அதே டீ.

மாப்பிள்ளை மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான். கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் வேலை. விஷயத்தைக் கேட்டதும் சட்டையைக்கூடக் கழற்றாமல் டி.வி.க்கு அடியில் இருந்த பெட்டிக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தான்.

அந்தப் பெட்டியைப் பட்டறைக்காரருக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. பார்த்தால் செருப்பு டப்பா மாதிரி இருக்கும். யாரோ வேண்டாமென்று கடையில் போட்டுவிட்டுப் போன சின்னக் கம்ப்யூட்டர். அதில் லினக்ஸை ஏற்றி, இரண்டு ஆன்டெனாக் கொம்பை மாட்டி, இதுதான் நம் வீட்டு ரூட்டர் என்று கொண்டுவந்து வைத்தான். புதுசாக ஒன்று வாங்க என்ன கேடு என்று கேட்டதற்கு, "கடையில வாங்கறதுல அவன் என்ன வச்சிருக்கான்னு தெரியாது மாமா. இதுல ஒவ்வொரு வரியும் நான் எழுதினது" என்றான். நீ எழுதியிருக்கிறாய் என்பதுதானப்பா என் பயமே என்று அவர் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். மாப்பிள்ளை ஆயிற்றே, வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

"இப்ப என்ன மாப்பிள்ளை பண்ணப் போறீங்க?"

"முதல்ல வைஃபை பாஸ்வேர்டை மாத்தறேன். இவ செல்லப் பேரும் ஒண்ணு ரெண்டு மூணும்தான் இதுவரைக்கும். தெருவுல பாதிப் பேருக்குத் தெரியும். அப்புறம் ஃபயர்வால் ரூலை ஒருதடவை பார்க்கணும்."

"அதென்ன ரூலு?"

"யாரை விடணும், யாரை விடக் கூடாதுன்னு இதுல வரிசையா எழுதி வச்சிருக்கேன் மாமா. வெளியில இருந்து கூப்பிடாம எவன் வந்தாலும் வெட்டிரும். உள்ள இருந்து நாம கேட்டு வர்றதை மட்டும் விடும்."

"வெளியில இருந்து வர்றவனைத்தான் நிறுத்தியாச்சே. பின்ன எப்படி?"

"அதான் பார்க்கறேன். மாடி வீட்டுக்கும் நம்ம வைஃபைதானே. முன்னாடி யார் யாருக்குக் குடுத்தோமோ, அவங்க யாருக்குக் குடுத்தாங்களோ."

மாடி என்றதும் பட்டறைக்காரரின் காது நிமிர்ந்தது.

மாடியில் குடியிருப்பவள் பேக்கரியில் வேலை பார்ப்பவள். விடியுமுன்னே கிளம்பிவிடுவாள். மத்தியானம் திரும்பும்போது தலைமயிரெல்லாம் மாவு படிந்திருக்கும். விற்காத ரொட்டியைக் காகிதப் பையில் போட்டுக் கீழே கொடுத்துவிட்டுப் போவாள். மகள் வாங்கிக்கொள்வாள். பட்டறைக்காரரும் தின்பார். தின்றுகொண்டே சந்தேகப்படுவார். சும்மா எதற்கு ஒருத்தி ரொட்டி கொடுக்கிறாள்? பட்டறையில் கூடவே உட்கார்ந்து ஒரே தட்டில் தின்ற ஒருவன் கிரைண்டிங் மிஷினைத் தூக்கிக்கொண்டு ஓடியதிலிருந்து, அன்பாக இருக்கிறவர்களைப் பார்த்தாலே அவருக்குக் கை பூட்டைத் தேடும். போதாததற்கு அவள் இல்லாத நேரத்தில் ஒரு பையன் வந்து மாடிக் கதவைத் திறந்துகொண்டு போகிறான்.

அது அவருக்கு எப்படித் தெரியும் என்பது வேறு யாருக்கும் தெரியாது. மாடிப்படிச் சுவரில் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு தகரப் பெட்டி இருந்தது. அவரே வெட்டி, மடக்கி, பற்றவைத்து, மீட்டர் பெட்டியின் சாம்பல் வண்ணத்தையே அடித்தது. முன்பக்கம் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு துளை. உள்ளே கேமரா. படிக்கட்டு விளக்குக்குப் போகும் லைனிலேயே கரண்ட் எடுத்திருந்தார். மகளும் மாப்பிள்ளையும் வேலையாகப் போயிருந்த ஒரு நாள் கேமராக்கடைக்காரனைக் கூட்டிவந்து வீட்டு வைஃபையில் சேர்த்துக்கொண்டார். தன் போனில் படிக்கட்டும் மாடிக் கதவும் பளிச்சென்று தெரிந்தபோது, பல வருஷத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினார்.

மாப்பிள்ளை பாஸ்வேர்டை மாற்றினான். தானே ஒருமுறை பார்த்தால் மறந்துபோகிற அளவுக்கு நீளமாக வைத்தான். பட்டறைக்காரரின் போனில் படிக்கட்டு அணைந்துபோயிற்று.

அன்று சாயங்காலமெல்லாம் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏதோ கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி இருந்தது. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தார். மாடியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டால் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"அப்பா, கொஞ்சம் உட்காருங்களேன். நீங்க நடக்கிறதைப் பார்த்தா எனக்குத் தலை சுத்துது."

"என் போன்ல செய்தி வர மாட்டேங்குது. அந்தப் புது பாஸ்வேர்டைப் போட்டுக் குடு."

மகள் போட்டுக் கொடுத்தாள். அப்பாவுக்குச் செய்தி பார்க்கும் பழக்கம் எப்போதிலிருந்து என்று அவள் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் இல்லை.

மறுநாள் மாப்பிள்ளை கடைக்குப் போனதும், மகள் காதில் கருவியை மாட்டியதும், கேமராக்கடைக்காரன் வந்தான். படியில் நின்று கிசுகிசுத்தான். சாதாரணமாகவே அவன் கிசுகிசுக்கிற ஆள். அவரது போனிலிருந்தே பாஸ்வேர்டை எடுத்து, பெட்டியைத் திறந்து, கேமராவுக்குப் போட்டான்.

"பெரியவரே, கேமராவுக்குன்னு தனியா ஒரு பாஸ்வேர்டு இருக்கே, அதை மாத்தலாமா? கம்பெனியில போட்டு அனுப்பினதே இருக்கு. எல்லாக் கேமராவுக்கும் அதே ஒண்ணுதான். வாங்கினப்பவே சொன்னேன்."

"அது எதுக்குய்யா? பெட்டிக்குள்ள இருக்கு. இப்படி ஒண்ணு இருக்கிறதே எவனுக்கும் தெரியாது. தெரியாத பூட்டுக்குச் சாவி எதுக்கு?"

"அதுவும் சரிதான். வெளியூர்ல இருந்துகூடப் பார்க்கலாம்னு அதோட கம்பெனிக்கும் ஒரு வழி திறந்து வச்சிருக்கு. இருக்கட்டுமா?"

"இருக்கட்டும். போன மாசம் தங்கச்சி வீட்டுக்குப் போனப்ப அதுலதான் பார்த்தேன்."

படிக்கட்டு மறுபடி போனில் வந்தது. அவர் பெட்டியைச் சாத்தித் திருகாணியை முடுக்கினார்.

இரண்டு நாள் ஆபீஸிலிருந்து சத்தமில்லை. மாப்பிள்ளை உற்சாகமாக இருந்தான். மகளுடைய கம்ப்யூட்டர் மட்டும்தான் அந்த ஆபீஸைத் தொடலாம், வீட்டிலுள்ள வேறெது தொட்டாலும் வெட்டு என்று புதிதாக ஒரு ரூல் எழுதிச் சேர்த்திருந்தான். அது எத்தனை தடவை வெட்டியது என்று பக்கத்திலேயே ஒரு எண் காட்டும். சாப்பிடும்போதுகூட லேப்டாப்பை மடியில் வைத்து அதைப் பார்த்தான்.

"பூஜ்யம் மாமா. ஒண்ணுகூட இல்ல. பாஸ்வேர்டு மாத்தினதுலயே ஆள் வெளிய போயிட்டான்."

"யாரு போனது?"

"யாரோ. பழைய பாஸ்வேர்டு வச்சிருந்தவன்."

"மாடிக்குப் புதுசு குடுத்தாச்சா?"

"இன்னும் இல்ல."

"பார்த்தீங்களா?" என்றார் பட்டறைக்காரர். மேலே எதுவும் சொல்லவில்லை. சொல்லாமலே அந்த 'பார்த்தீங்களா' முட்டைக் குழம்பின் மேல் எண்ணெய் மாதிரி மிதந்துகொண்டிருந்தது.

மூன்றாம் நாள் ஆபீஸ் மறுபடி கூப்பிட்டது. இந்த முறை வேறொரு ஆள். குரலில் மரியாதை அதிகமாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது, வார முடிவுக்குள் காரணத்தை எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் இணைப்பைத் துண்டிக்கிறோம் என்றார். மகள் போனை வைத்துவிட்டு மேசையிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை கடையிலிருந்து ஓடிவந்தான். எண்ணைப் பார்த்தான். பூஜ்யம். பெட்டியை முறைத்தான். மறுபடியும் பூஜ்யம்.

"பொய் சொல்லுதோ?" என்றார் மாமனார்.

"இது பொய் சொல்லாது மாமா."

"அப்ப ஆபீஸ்காரன் பொய் சொல்றானா?"

அவன் மறுபடி எண்ணைப் பார்த்தான். கழுத்துப் பட்டை வியர்த்திருந்தது. வெளியே காற்று நின்றுபோய் ஒரே புழுக்கம். அந்த நேரம் பார்த்து கேட் திறக்கும் சத்தம். பேக்கரிப் பெண் காகிதப் பையோடு வந்தாள்.

"அக்கா, இன்னிக்கு இனிப்பு ரொட்டி. அடி கொஞ்சம் கருகிருச்சு, சுரண்டிட்டுத் தின்னுங்க. ஏன் எல்லாரும் இப்படி உட்கார்ந்திருக்கீங்க? வைஃபை வேற வரலையே எனக்கு?"

பட்டறைக்காரர் எழுந்து நின்றார்.

"அதைத்தாம்மா நாங்களும் கேட்கணும்னு இருந்தோம். உனக்குக் குடுத்த பாஸ்வேர்டை நீ யாருக்குக் குடுத்த?"

"யாருக்குக் குடுப்பேன்? நான், என் தம்பி."

"தம்பி! உன் தம்பிதான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? நீ இல்லாத நேரத்துல வர்றான், பெட்டி மாதிரி ஒரு பையைத் தூக்கிக்கிட்டு. உள்ள உட்கார்ந்து என்னத்தைத் தட்டறான்னு யாரு கண்டா?"

"அப்பா!" என்றாள் மகள்.

"நீ சும்மா இரும்மா. உன் பொழைப்பு போகப் போகுது, இதுல மரியாதை பார்த்துக்கிட்டு."

பேக்கரிப் பெண் பையை மேசைமேல் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள்.

"பரீட்சைக்குப் படிக்கிறான் ஐயா. அவன் தங்கியிருக்கிற ரூம்ல அஞ்சாறு பேர், சத்தம். அதான் பகல்ல இங்க வந்து படின்னு சாவி குடுத்தேன். பையில புத்தகம். அக்காகிட்ட சொல்லியிருக்கேனே."

"ஆமாப்பா, சொன்னா" என்றாள் மகள்.

"படிக்கிறவன் எதுக்கும்மா பதுங்கிப் பதுங்கி வரணும்? போன மாசம் பெரிய மழை பேஞ்ச அன்னிக்கு, கிழிஞ்ச குடையைப் புடிச்சுக்கிட்டு, படியில நின்னு ரெண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துட்டுத்தானே கதவைத் திறந்தான்?"

"செருப்பு சேறாயிருச்சு, எங்க வைக்கறதுன்னு பார்த்திருப்பான்" என்றவள், நிறுத்தினாள். பட்டறைக்காரரை ஏற இறங்கப் பார்த்தாள். "அன்னிக்கு நீங்க வீட்டுல இல்லையே ஐயா. தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டீங்க. மழையில மாடி ஒழுகுதான்னு பார்த்துக்கோன்னு என்கிட்டதானே சொல்லிட்டுப் போனீங்க?"

அவர் மேசைமேல் இருந்த காகிதப் பையை எடுத்து நகர்த்தி வைத்தார்.

"யாரோ சொன்னாங்க" என்றார். "தெருவுல ஆளா இல்ல?"

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. "என் போனை அணைச்சுடறேன். தம்பி லேப்டாப்பும் மேலதான் இருக்கு, அதையும் அணைச்சுடறேன். அதுக்கப்புறமும் உங்க ஆபீஸுக்கு வந்தா என்னைச் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு மாடியேறினாள்.

மாப்பிள்ளை இதையெல்லாம் கேட்டதாகவே தெரியவில்லை. திரையில் இருந்த வரிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துக்கொண்டிருந்தவன், திடீரென்று நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டான்.

"சே! மடையன் நான். இங்க பாரு."

"என்னங்க?" மகள் குனிந்தாள்.

"இது மேல இருந்து கீழ படிக்கும். எந்த வரி பொருந்துதோ அதோட சரி, அதுக்குக் கீழ போகாது. புது ரூலை நான் எங்க போட்டிருக்கேன் பாரு, கடைசியில. அதுக்கு மேலயே 'உள்ள இருந்து போற எல்லாத்தையும் விடு'ன்னு பழைய வரி ஒண்ணு இருக்கு. எல்லாரையும் அது அங்கயே அனுப்பிருச்சு. கீழ இருக்கிற என் ரூல் வரைக்கும் எவனும் வந்து சேரவே இல்ல. பூஜ்யம் காட்டாம என்ன காட்டும்?"

"அப்படின்னா?"

"வெளியில இருந்து எவனும் வரல. வீட்டுக்குள்ள இருந்து ஏதோ போகுது. ஆரம்பத்துல இருந்தே. உள்ள இருக்கிறதை நான் சந்தேகப்படவே இல்ல."

தன் புது வரியை வெட்டி மேலே கொண்டுபோய் வைத்தான். ஒரு தட்டுத் தட்டினான். மூவரும் திரையைப் பார்த்தார்கள். பூஜ்யம் இருந்த இடத்தில் ஒன்று வந்தது. பிறகு நான்கு. பிறகு ஒன்பது. பெட்ரோல் பங்க்கில் லாரிக்கு டீசல் போடும்போது மீட்டர் ஓடுமே, அப்படி ஓடத் தொடங்கியது.

"ஐயோ, ஏறுது" என்றாள் மகள். "ஆபீஸுக்குப் போகுதா?"

"போகாது. இப்ப எல்லாம் இங்கயே வெட்டுப்படுது. ஆனா எதுன்னு தெரியணும். எழுதிக் குடுக்கணும்ல? உன் கம்ப்யூட்டரை அணை."

அணைத்தாள். ஏறியது.

"என் போன். உன் போன். மாமா, உங்க போனைக் குடுங்க."

பட்டறைக்காரர் போனைத் தானே அணைத்துவிட்டுக் கொடுத்தார். ஏறியது. டி.வி.யின் பிளக்கைப் பிடுங்கினார்கள். ஏறியது. மாடியில் பேக்கரிப் பெண் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, "அணைச்சாச்சு!" என்று கத்திச் சொன்னாள். எண்ணுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. ஏறியது.

"வீட்டு மெயினையே இறக்கிப் பார்ப்போம். ரூட்டரும் லேப்டாப்பும் பேட்டரியில ஓடும்" என்று மாப்பிள்ளை சுவரிலிருந்த ஸ்விட்ச்சை இறக்கினான். மின்விசிறி மெல்லச் சுற்றி நின்றது. ஃபிரிட்ஜ் ஒரு குலுங்குக் குலுங்கி அடங்கியது. வீட்டில் ஒரு பொருளும் ஓடவில்லை. ஈ பறக்கிற சத்தம் கேட்டது. எண் ஏறிக்கொண்டே இருந்தது.

"பேய் மாதிரி இருக்குங்க" என்றாள் மகள். அழுகிற குரல்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல. நமக்குத் தெரியாம இந்த வைஃபையில ஏதோ ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கு. புதுப் பாஸ்வேர்டு தெரிஞ்ச ஏதோ ஒண்ணு. அது யாருக்குத் தெரியும்? நம்ம மூணு பேருக்குத்தான்."

பட்டறைக்காரரின் பார்வை படிக்கட்டுப் பக்கம் போயிற்று. படிக்கட்டு லைன் வீட்டு மெயினில் இல்லை. அது தனி. அவரே இழுத்தது.

கணக்குப் போட வராத ஆளில்லை அவர். தகடு வெட்டுமுன் மனசுக்குள் மடக்கிப் பார்த்துப் பழகினவர். இப்போது மடக்கிப் பார்த்தார். எங்கே மடக்கினாலும் அந்தச் சாம்பல் பெட்டியில் வந்து முடிந்தது. எல்லாக் கேமராவுக்கும் அதே ஒரு பாஸ்வேர்டு. வெளியூரிலிருந்து பார்க்க ஒரு வழி. தான் அதன் வழியாகப் பார்த்தால் இன்னொருவனும் அதன் வழியாகப் பார்க்கலாம் என்பது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை? எவனோ அதற்குள் குடிபுகுந்து, இந்த வீட்டில் என்னென்ன ஓடுகிறது என்று மோப்பம் பிடித்து, மகளுடைய ஆபீஸ் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறான்.

"விளக்கு ஒயரைப் பார்த்துட்டு வரேன்" என்று திருப்புளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

அவருடைய எண்ணம் ஒன்றுதான். சத்தம் போடாமல் ஒயரை உருவிவிட வேண்டும். எண் நின்றுவிடும். பேக்கரிக்காரி எதையோ அணைத்தாள், அதனால் நின்றது என்று ஆகிவிடும். அவளைக் காலி பண்ணச் சொல்லிவிடலாம். மகள் வேலை நிலைக்கும், வீடு நிலைக்கும். யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டியதில்லை.

படிக்கட்டில் பேக்கரிப் பெண் உட்கார்ந்திருந்தாள். பெட்டிக்கு நேர் கீழே. அணைத்த போனையும் தம்பியின் லேப்டாப்பையும் மடியில் வைத்துக்கொண்டு, சாட்சிக்குக் கொண்டுவந்த மாதிரி.

"நின்னுச்சா ஐயா?"

"இல்ல."

"மேல எல்லாம் அணைச்சுட்டேன். வேணும்னா நீங்களே வந்து பாருங்க. ஒவ்வொண்ணா பாருங்க." முன்கையில் அடுப்புச் சூடு பட்ட தழும்புகள், பழசும் புதுசுமாக வரிவரியாக இருந்தன. அவர் கையிலும் அதே மாதிரி உண்டு. "இங்க வர்றதுக்கு முன்னாடி மூணு வீடு மாறிட்டேன் ஐயா. இந்த ஒரு வீட்டுலதான் கதவைச் சாத்தினா நிம்மதியாத் தூங்கறேன். என்னைப் போய்த் திருடின்னு சொல்லிட்டீங்களே."

பட்டறைக்காரர் திருப்புளியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "கொஞ்சம் மேல போய் இரு, ஒயர் பார்க்கணும்" என்று சொன்னால் போதும், அவள் எழுந்து போய்விடுவாள். வாயைத் திறந்தார்.

"நகரும்மா" என்றார்.

அவள் ஒரு படி தள்ளி உட்கார்ந்தாள். போகவில்லை. அவரும் போ என்று சொல்லவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதல் திருகாணியைக் கழற்றினார். இரண்டாவது துரு ஏறியிருந்தது; உள்ளங்கையால் தட்டித் திருப்பினார். தகர மூடி வந்தது. உள்ளே சின்னச் சிவப்பு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து நின்றாள். துளையைப் பார்த்தாள். துளை எதைப் பார்க்கிறது என்று திரும்பித் தன் கதவைப் பார்த்தாள்.

அவர் ஒயரை உருவினார்.

"நின்னுருச்சு!" உள்ளேயிருந்து மகள் கூவினாள். "ஏங்க, நின்னுருச்சு! அப்பா, என்ன பண்ணீங்க?"

மகளும் மாப்பிள்ளையும் வாசலுக்கு ஓடிவந்தார்கள். அவர் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு படியில் நின்றிருந்தார். செத்த எலியைப் பிடித்திருக்கிற மாதிரி.

"நான்தான் வச்சேன்" என்றார்.

மாப்பிள்ளை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். "பாஸ்வேர்டு மாத்தினீங்களா மாமா இதுல?" என்று மட்டும் கேட்டான்.

"இல்ல."

"சரி." அவன் குரல் உயரவில்லை. "இதுக்குள்ள இருந்துதான் போட்டிருக்கான். இதுல தெரிஞ்சது எல்லாம் அவனுக்கும் தெரிஞ்சிருக்கும்."

மகள்தான் வெடித்தாள். "தனியா இருக்கிற பொண்ணு வீட்டு வாசல்ல கேமரா வப்பீங்களாப்பா? உங்களுக்கே இது நல்லா இருக்கா? அவ குடுத்த ரொட்டியைத் தின்னுக்கிட்டே? எவனோ ஒருத்தன் இத்தனை நாளா அவ போறது வர்றதை எல்லாம் பார்த்திருக்கான்ப்பா. நான் போறதையும்."

பேக்கரிப் பெண் தம்பியின் லேப்டாப்பை எடுத்துக்கொண்டாள். மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆபீஸுக்கு மாப்பிள்ளை போனில் விளக்கம் சொன்னான். அந்தப் பக்கம் மரியாதைக் குரல் நிறையக் கேள்வி கேட்டது. யார் வைத்தது, எப்போது, எதற்கு. மூன்றாவது கேள்விக்கு மாப்பிள்ளை தடுமாறினான். பட்டறைக்காரர் போனைப் பிடுங்கிக்கொண்டார். "நான் இவளோட அப்பன். எவனையும் நம்பாம நான்தான் வச்சேன். எடுத்தாச்சு. அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல, என் பொண்ணு மேலயும் தப்பு இல்ல. எழுதிக்கணும்னா என் பேரை எழுதிக்குங்க" என்று சந்தைக் குரலில் கத்தினார். அந்தப் பக்கம் எழுதிக்கொண்டார்கள். பிறகு, மகளுடைய கம்ப்யூட்டருக்கு மட்டும் தனி வைஃபை, மற்ற எல்லாவற்றுக்கும் வேறு, ஒன்று மற்றொன்றைத் தொடக் கூடாது என்று பிரித்துக் காட்டினால் வேலை தொடரலாம் என்றார்கள். மாப்பிள்ளை அன்றைக்கே பிரித்தான். மாடிக்கும் தனியாக ஒன்று கொடுத்தான். அதன் பாஸ்வேர்டைப் பேக்கரிப் பெண்ணையே போடச் சொன்னான், தான் திரும்பிக்கொண்டான்.

மகள் வேலை தப்பியது. ஆனால் மகள் அவரோடு பேசவில்லை. சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், தட்டை எடுப்பாள். பேச்சு கிடையாது. வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. ஆனால் அவருக்கு அந்தப் பழைய ஒரு வருஷம் திரும்பி வந்துவிட்ட மாதிரி இருந்தது. நான்கு நாள் பொறுத்தார். ஐந்தாம் நாள் மத்தியானம் படிக்கட்டின் அடியில் போய் நின்றுகொண்டார். பேக்கரிப் பெண் வந்தாள். கையில் பை இல்லை.

"காலி பண்ணப் போறியாம்மா?"

"தம்பி பண்ணுங்கிறான். பேக்கரி பக்கம் இது ஒண்ணுதான் நடந்து போற தூரம். இல்லைன்னா அன்னிக்கே பெட்டியைக் கட்டியிருப்பேன்."

"நான் என்ன செய்யணும்? சொல்லு."

அவள் யோசித்தாள். ஏற்கெனவே யோசித்து வைத்திருந்ததை ஒருமுறை சரிபார்த்தாள் என்பதுதான் உண்மை.

"படிக்கட்டு முடியற இடத்துல ஒரு கேட் போட்டுக் குடுங்க. ஆள் உயரத்துக்கு. தாழ்ப்பாள் என் பக்கம் இருக்கணும். பூட்டு நான் வாங்கிக்கறேன்."

"சரி. சாவி ஒண்ணு கீழ..."

"சாவி கிடையாது."

"தண்ணித் தொட்டி மேலதானேம்மா இருக்கு? நான் வந்து பார்க்க வேணாமா?"

"கேட்டுட்டு வாங்க."

பட்டறைக்காரர் கொல்லையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்த வெல்டிங் செட்டை வெளியே இழுத்தார். இரும்புக் குழாய் வாங்கிவந்து, அளந்து, அறுத்து, கோணம் பிசகாமல் அடுக்கினார். கண்ணாடியை இறக்கிக்கொண்டு கம்பி முனையைத் தொட்டபோது நீல வெளிச்சம் சீறியது. பழைய கை மறக்கவில்லை. விரல்கூட உள்ளே நுழையாதபடி தாழ்ப்பாளைச் சுற்றித் தகடு வைத்துப் பற்றவைத்தார். வெளியே நின்று கம்பி விட்டு நெம்பிப் பார்த்தார். திறக்கவில்லை. இன்னொரு பக்கமாக நெம்பினார். திறக்கவில்லை. மாப்பிள்ளை கடைக்குப் போகிற வழியில் நின்று பார்த்தான்.

"நல்லா இருக்கு மாமா. எவனாலும் முடியாது."

"என்னாலயே முடியலையே" என்றார்.

அவளே பூட்டினாள், திறந்தாள், ஆட்டிப் பார்த்தாள். தலையை மட்டும் அசைத்தாள்.

பிறகொரு நாள் சாயங்காலம் கீழே குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது. மகள் காலியான வாளியை அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். "தொட்டி வால்வு போல இருக்கு" என்றாள். அந்த வாரத்தில் அவள் பேசிய முதல் பேச்சு அது. அவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று ஏறி, பழக்க தோஷத்தில் கேட்டைத் தள்ளினார். அது அசையவில்லை. தன் கையால் செய்த கேட்டைத் தன் கையாலேயே தட்டினார்.

"யாரு?" உள்ளேயிருந்து குரல்.

வீட்டுக்காரன் என்று வாய்வரை வந்தது. அப்படியே நின்றது.

"கீழ் வீட்டு ஆளும்மா."

"என்ன வேணும்?"

"தொட்டி வால்வு பார்க்கணும்."

"கையெல்லாம் மாவு. கொஞ்ச நேரம் நில்லுங்க."

உள்ளே ஏதோ பாத்திரத்தை நகர்த்தினாள். அவள் அவசரப்படவில்லை என்பது சத்தத்திலேயே தெரிந்தது.

பட்டறைக்காரர் ஸ்பானரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.